பச்சைப் புள்ளி நின்ற வாசல்

கம்பெனி கம்ப்யூட்டரில் ஒரு பச்சைப் புள்ளி. என் தம்பி ஓட்டுகிற வேன் அதுதானாம். கொலை நடந்த நேரத்தில் அந்தப் புள்ளி குடோன் மேனேஜர் வீட்டு வாசலில் நின்றதைக் கோர்ட்டில் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்கள். செத்துப்போன அந்த மேனேஜரோடு தம்பி எல்லார் முன்னாலும் வாய்ச்சண்டை போட்டிருந்தான். அப்புறமென்ன, தூக்கி உள்ளே வைத்துவிட்டார்கள்.

புள்ளி பொய் சொல்லாதாம்! அந்தப் புள்ளியை அனுப்புகிற ஜி.பி.எஸ். பெட்டியை வேனிலிருந்து கழற்றலாம் என்று அங்கே ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும். உடம்புக்கு முடியாதவன் பெட்டியைக் கழற்றி, சுற்றப் போகிற இன்னொருத்தன் கையில் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்வான். புள்ளி ஊர் சுற்றும், முதலாளி வேலை நடக்கிறதென்று நினைப்பார். அன்றைக்குக் காய்ச்சலோடு தம்பியும் அதைத்தான் செய்தான். பஞ்சர் கடை ஓரம் வேனை நிறுத்திவிட்டுத் தூங்கியிருக்கிறான்.

"பெட்டிய யார்கிட்டடா குடுத்த?" கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஞாபகம் இல்லக்கா."

"ஞாபகம் இல்லையா? உன்ன தூக்குல போடப் போறாங்கடா பாவி!"

அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அம்மா போன பிறகு நான் தூக்கி வளர்த்த பிள்ளை.

என் வீட்டுக்காரரும் அந்தக் கம்பெனி டிரைவர்தான். கொலை நடந்த அன்று லீவில் இருந்தார். இப்போது வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, பைக்கில் என்னை வைத்துக்கொண்டு கேமரா இருக்கிற கடையெல்லாம் ஏறி இறங்குகிறார். பழைய படம் தானாக அழிந்துவிடும் என்று எல்லாக் கடையிலும் கையை விரித்தார்கள். பஞ்சர் கடைக்குப் போகலாம் என்றால் மட்டும், "அந்தக் கேமரா சும்மா தொங்குது, வேல செய்யாது" என்பார். இன்றைக்கு நான் ஒற்றைக் காலில் நின்றேன். பஞ்சர் கடைக்கு வந்தும் அவர் பைக்கை விட்டு இறங்கவில்லை. நான் மட்டும் உள்ளே போய், கொலை நடந்த நாளைச் சொல்லிக் கேட்டேன்.

"அன்னிக்குத்தாம்மா என் ஜாக்கிய எவனோ லவட்டிட்டுப் போனான்" என்றார் கடைக்காரர். "அந்தத் திருடனப் புடிக்கணும்னு அன்னிக்குப் படத்த மட்டும் தனியா எடுத்து வெச்சேன். போலீஸ் யாரும் வந்து கேக்கல."

திரையில் தம்பியின் வேன் வந்து நின்றது. அப்பாடா, பிழைத்தான் என் பிள்ளை! கடைக்காரர் காலில் விழப் போனேன். அதற்குள் ஒரு பைக் வந்தது. வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். தம்பி நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பெட்டியை வாங்கித் தோள்பையில் போட்டுக்கொண்டார். நான் தேய்த்துக் கொடுத்த சட்டையைப் போட்டிருந்தார்.

வேன் நிற்பதை மட்டும் வெட்டிக் கொடுங்கள் என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் வெட்டின படம் கோர்ட்டில் நிற்காது, முழுசாக வேண்டும் என்று வக்கீல் முதலிலேயே சொல்லியிருந்தார். அட பாவி, எனக்காகவாடா வாயைத் திறக்காமல் இருந்தாய்?

பென் டிரைவோடு வெளியே வந்தேன்.

"வேல செய்யலதான?" என்றார் என் வீட்டுக்காரர்.

"செய்யுது. முழுசா இருக்கு."

அவர் முகம் செத்துப்போனது.

"நம்ம புள்ளைங்கள நெனச்சுப் பாத்தியா?" என்றார்.

"உள்ள இருக்கறதும் என் புள்ளதான்."

வக்கீல் ஆபீஸ் தூரம். நான் பைக்கில் ஏறவில்லை, நடந்தேன்.