கடைசி விக்கெட்டுக்கு முன்

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் மகன் எழிலனின் நண்பர்கள் இந்திய அணியின் நீல ஜெர்சி ஒன்றை விரித்தார்கள். மலர்க்கொடி எட்டி அதை எடுக்கப் போனாள். தம்பி கொளஞ்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இருக்கட்டும்க்கா. மாமா உசுர வுட்டதே அதுக்காகத்தான."

அவள் கையை உருவிக்கொண்டு மறுபடியும் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள். ஒரு பக்கம் பெட்டி. மறுபக்கம் திட்டக்குடியிலிருந்து வந்த உறவுக்காரப் பெண்கள். கால் நீட்ட இடமில்லை. சிதம்பரத்தின் பங்குனி வெயிலில் அந்தச் சின்ன முன்னறை புழுங்கியது.

2007 உலகக் கோப்பையில் இந்தியா இலங்கையிடம் படுதோல்வி அடைந்த இரவு, தபால் ஆபீஸில் வேலை பார்த்த அவள் கணவர் சடையப்பன் டி.வி. முன்னால் நாற்காலியிலேயே இறந்துபோனார். கடைசி விக்கெட் விழுந்ததைத் தாங்க முடியாமல் போய்விட்டார் என்று கொளஞ்சி விடிந்ததும் எல்லோருக்கும் போன் போட்டான். அவனிடம் அப்படிச் சொன்னது மகன் எழிலன்.

வாசல் பந்தலில் ஆண்களுக்கு வேறு பேச்சே இல்லை.

"சீனியருங்கள வூட்டுக்கு அனுப்பணும். பேருக்காக வச்சிக்கினு இருந்தா இப்டித்தான்."

"பேட்டிங்க மட்டும் சொல்லாத. பீல்டிங்ல எவன் ஓடறான்?"

"வெளம்பரத்துல நடிக்கறது ஜாஸ்தியாப் போச்சு."

சடையப்பனோடு வேலை பார்த்த அந்தோணிசாமி குறுக்கிட்டார். "ஆள மாத்தறதெல்லாம் அப்பறம். எங்க கோட்ட வுட்டோம்னு மொதல்ல அவுங்களே ஒக்காந்து மனசு வுட்டுப் பேசணும். பிட்ச் சரியில்ல, டாஸ் சரியில்லன்னு மூடி வச்சா அடுத்த தடவையும் இதேதான்."

அப்போது எழிலன் டீ கொடுத்துக்கொண்டிருந்தான். செல்போன் கடையில் வேலைக்குப் போகிற பிள்ளை. தட்டை ஏந்தியபடி அப்படியே நின்றுவிட்டதை மலர்க்கொடி ஜன்னல் வழியே பார்த்தாள். யாரோ தோளைத் தட்டிய பிறகுதான் நகர்ந்தான்.

முந்தைய இரவு சடையப்பன் நெஞ்சைத் தடவிக்கொண்டே எழுந்து வந்தார். "எழிலா, ஒரு மாதிரி அடைக்குது. ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ட்டு வந்துரலாமா?"

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்த ஜோடி நின்னுட்டா ஜெயிச்சிரலாம்பா. கொஞ்சம் பொறுங்க."

மலர்க்கொடியும்தான் சொன்னாள். "வாயுவா இருக்கும். சுக்கு தட்டிப் போட்டுத் தரேன்."

யாரையும் தொந்தரவு செய்து பழக்கமில்லாத மனுஷர். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அவள் சுக்குத் தண்ணியோடு வந்தபோது தலை சாய்ந்திருந்தது. தூங்கிவிட்டார் என்று நினைத்து, டம்ளரை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். மேட்ச் முடிந்து எழிலன் அலறியபோதுதான் ஓடிவந்து கையைத் தொட்டாள். கை எப்போதோ சில்லிட்டிருந்தது. அதன் பிறகு அம்மாவும் மகனும் ஒருவரோடொருவர் பேசவில்லை.

மத்தியானம் கொளஞ்சி பத்திரிகைக்காரர் ஒருவரை உள்ளே அழைத்து வந்தான். பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு வழி விட்டார்கள்.

"பையன்தான் கூட இருந்தவன். டேய் எழிலா, இங்க வா. சாருகிட்ட சொல்லு."

எழிலன் அப்பாவின் கால்மாட்டில் வந்து நின்றான். பத்திரிகைக்காரர் பேனாவைத் திறந்தார்.

"கடைசி விக்கெட் விழுந்ததும்தான தம்பி?"

எழிலன் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். "இல்ல சார். அப்பா அதுக்கு முன்னாடியே..."

"கடைசி விக்கெட் விழுந்துச்சு," என்றாள் மலர்க்கொடி. "அய்யோன்னாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன். அவ்ளோதான்."

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். எழிலனும் பார்த்தான். அவள் கண்ணாடிக்குள்ளிருந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோத்துட்டாங்கன்னு அழுதாராம்மா?"

"அழல."

அவர் எழுதிக்கொண்டு போனார். கொளஞ்சி வாசல் வரை போய் வழியனுப்பினான். எழிலன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். பிறகு பெண்கள் நெருங்கி வந்து உட்கார, அவனுக்கும் அவளுக்கும் நடுவில் வழி அடைபட்டுப்போனது.

சாயங்காலம் சுடுகாட்டிலிருந்து மொட்டைத் தலையோடு திரும்பி வந்தவன், குளித்த ஈரத்தோடு கொல்லைப்புறத்தில் போய் உட்கார்ந்தான். மலர்க்கொடி துண்டு எடுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா, நான் அந்த ஆளுகிட்ட சொல்ல வந்தது..."

"மொதல்ல தலையத் துவட்டு. சளி புடிச்சுக்கும்."

அவன் துண்டை வாங்கவில்லை. அவளே அதை அவன் தலையில் போட்டு, முகம் மறைய இழுத்துவிட்டுத் துவட்டினாள். உள்ளே பந்தல் பிரிக்கும் கூலியைப் பற்றி யாரோ கொளஞ்சியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மொட்டையில் ஈரம் போய்விட்டது. அவள் துண்டை எடுக்காமல் துவட்டிக்கொண்டே இருந்தாள்.