பேர் பதிய ஒரு மருமகள்

பெண் பார்க்கப் போன இடத்தில் மீனம்மா பெண்ணின் முகத்தைப் பார்க்கவே இல்லை. தேத்தண்ணி நீட்டிய கையைப் பிடித்து, விரல்களைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நல்ல நீள விரல். தேயிலைக் கொழுந்து கிள்ளினால் பறக்கும். ஆனால் நகமெல்லாம் ஊதாக் கலரில் கியூடெக்ஸ்! சனியன், சுரண்டினால் போய்விடும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அவளுக்கு அவசரம். வயதாகிவிட்டதென்று இந்த மாதத்தோடு தோட்டத்தில் அவளை நிறுத்துகிறார்கள். வீட்டிலிருந்து வேறொருவர் வேலைக்குப் பேர் பதியாவிட்டால் தோட்டம் கொடுத்த வரிசை வீடான லயத்தில், குடியிருக்கும் காம்பராவைக் காலி பண்ண வேண்டியதுதான். புருஷனைப் பறிகொடுத்து, மழையிலும் அட்டைக்கடியிலும் கிடந்து உழைத்ததற்கு மிஞ்சியது அந்த ஒற்றைக் காம்பரா. அதனால்தான் முந்திக்கொண்டு கணக்கப்பிள்ளையிடம், "மருமக வாரா ஐயா, அவ பேரைப் போட்டுக்கலாம்" என்று சொல்லி வைத்திருந்தாள்.

மகன் கிஷாந்த் ஹட்டனில் ஆட்டோ ஓட்டுகிறான். மலை வேலைக்கு அவனா? அந்தப் பேச்சே வீட்டில் எழுந்ததில்லை.

"பொண்ணு புடிச்சிருக்குண்ணே," என்றாள் மீனம்மா, பெண்ணின் அப்பா யோகேஸ்வரனிடம். "கல்யாணம் முடிஞ்ச கையோட பேரு பதிஞ்சிரணும். வேற ஒண்ணும் நாங்க கேக்கல."

யோகேஸ்வரன் திருதிருவென்று விழித்தார். பெண் வினோதா விழிக்கவில்லை. மஸ்கெலியா டவுனில் மருந்துக்கடையில் நிற்கிறவள். அவள் நாக்கு அங்கே விற்கிற மருந்தைவிடக் கசப்பு.

"எங்க பதியணும் அத்தை? கோயில்லயா, கவர்மெண்டு கச்சேரியிலயா?"

"தோட்டத்துலதான். காலையில பெரட்டுக்குப் போயி நின்னா வேலை பிரிச்சுக் குடுப்பாங்க."

"அப்ப உங்க மகனுக்குப் பொண்டாட்டி தேடல. உங்க கூடைக்கு ஆள் தேடுறீங்க. ஏன், அவரு பதியட்டுமே? அவருக்குக் கை இல்லையா?"

"எம் மகன் மலை ஏறணுமா? என்னா வாய்டி உனக்கு!" மீனம்மா தேத்தண்ணியை டக்கென்று கீழே வைத்தாள். "ஆளுக்கொரு போனை வச்சிக்கிட்டு ஆடுறீங்க. அதான் முப்பது வயசாகியும் கல்யாணம் ஆகாம கெடக்குறீங்க!"

"கெடக்கல அத்தை. இருக்கேன்."

கிஷாந்த் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அட, அம்மாவுக்காக ஒரு வார்த்தை பேசக் கூடாதா? ம்ஹூம். மீனம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் சர்மிளாவின் தொடையில் இடித்தாள்.

"நீயாச்சும் கேளுடி!"

"நான் என்னத்தக் கேக்க?" என்றாள் சர்மிளா. "கொத்மலையிலருந்து என்னையப் பொண்ணு கேட்டு வந்தவங்க இதையேதானே சொன்னாங்க? 'கூடை தூக்கவா எம் மகளைப் படிக்க வச்சேன்'னு தாம்பாளத்தோட வெரட்டுனது நீங்கதானேம்மா?"

மீனம்மா மகளை முறைத்தாள். துரோகி! ஆனால் சொன்னது பொய்யில்லை. அன்றைக்கு மீனம்மா போட்ட கூச்சலில் லயமே வெளியே வந்து நின்றது.

வினோதா அவர்கள் கொண்டுவந்த வெற்றிலைத் தட்டை எடுத்து மீனம்மாவின் மடியில் வைத்தாள். வீசவில்லை, மெதுவாக, மரியாதையாக வைத்தாள். அதுதான் மீனம்மாவுக்குத் தாங்கவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் மகனிடம் கேட்டேவிட்டாள். "நீ பதியுறியாடா?"

"நானா?" என்று சிரித்தான் கிஷாந்த்.

திங்கட்கிழமை பெரட்டில் கணக்கப்பிள்ளை அவளைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"என்ன மீனம்மா, மருமக பேரு என்னா?"

மீனம்மா கொழுந்து பறிக்கக் கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள்.

"அவ இன்னும் எந்த லயத்துலயும் பொறக்கலைங்கய்யா."