இருபத்து நான்கு பேரும் நன்றாகத் தூங்கினார்கள்

என் பெயர் லவ்லி. பெயரைக் கேட்டுவிட்டு முகத்தைப் பார்க்கிறவர்கள் ஒரு கணம் தயங்குவார்கள். அதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. கேரளாவில் பாலா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டில் பதினோரு வருடமாக நர்ஸ். எனக்குக் கோபம் அதிகம், கை வேகமும் அதிகம். கோபத்தால் இதுவரை பெரிய நஷ்டம் எதுவும் வந்ததில்லை. மானத்தை வாங்கியது கை வேகம்தான்.

ஜெஸ்னா என்னோடு படித்தவள். ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில், அப்புறம் இதே வார்டில் ஒன்பது வருடம் பக்கத்து டியூட்டி. இரண்டு வருடத்துக்கு முன்னால் எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன் என்று கிளம்பிப் போனாள். படித்தால் படித்துவிட்டுப் போகலாம் அல்லவா? ஆராய்ச்சி வேறு செய்யவேண்டுமாம். நர்சிங் மாணவிகள் தேறுவதற்கும் தேறாததற்கும் என்னென்ன காரணம், தேறி வேலைக்கு வந்தவர்கள் என்ன மனநிலையில் வேலை பார்க்கிறார்கள் என்பது அவளுடைய தலைப்பு. என்னைக் கேட்டிருந்தால் ஒரே வரியில் சொல்லியிருப்பேன்: பரீட்சை அன்று காலையில் பேப்பர் திருத்துகிற மேடத்துக்கு வீட்டில் சண்டை நடந்திருக்கக் கூடாது.

போன வருடமே கொடுத்திருக்க வேண்டிய ஆராய்ச்சி. மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்ததில் தள்ளிப்போனது. இந்தச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் விவரங்களை ஒப்படைக்காவிட்டால் அடுத்த செட்டோடுதான் தேற முடியும். அதற்குள் எங்கள் நர்சிங் ஸ்கூலில் காலியாக இருக்கும் டியூட்டர் வேலை வேறு யாருக்காவது போய்விடும். ஜெஸ்னா அந்த வேலைக்காகத்தான் படிக்கவே போனாள்.

செவ்வாய்க்கிழமை வந்தாள். ஒரு கையில் இருபத்து நான்கு படிவம், ஒரு கையில் டப்பா நிறையப் பழம்பொரி, எங்கள் ஊர் வாழைப்பழ பஜ்ஜி.

"எடீ லவ்லி, ஒருத்தருக்கு ஒண்ணு. பெயர் எழுத வேணாம். அஞ்சு நிமிஷம்தான் ஆகும்."

"எத்தனை கேள்வி?"

"நாப்பத்தஞ்சு."

"அஞ்சு நிமிஷத்துல நாப்பத்தஞ்சு கேள்வியா? நீ எம்.எஸ்சி. படிச்சு எங்களைவிட வேகமாயிட்டியா?"

பழம்பொரி நான்கு நிமிடத்தில் தீர்ந்தது. படிவங்களைப் பிரஷர் பார்க்கும் கருவி வைக்கிற இழுப்பறையில் வைத்தோம். பெயருக்குத்தான் இருபத்து நான்கு பேர், பாதியை மற்ற வார்டுகளுக்கு இரவல் எடுத்துவிடுவார்கள். பதினெட்டுக் கட்டில், ஒரு டியூட்டிக்கு மூன்று பேர், நடுவில் இரண்டு அட்மிஷன். ஒண்ணுக்குப் போகவே முறை வைத்துப் போகிறவர்கள் நாங்கள். மனநிலையை உட்கார்ந்து யோசிக்க யாருக்கு நேரம்?

வெள்ளிக்கிழமை காலை ஜெஸ்னாவின் செய்தி வந்தது. மதியம் வந்து வாங்கிக்கொள்கிறாளாம். இழுப்பறையைத் திறந்தேன். இருபத்து நான்கும் அப்படியே வெள்ளையாக இருந்தன. மேலே இருந்ததில் மட்டும் பழம்பொரி எண்ணெய் வட்டமாக ஊறியிருந்தது.

எங்கள் வார்டு இன்சார்ஜ், எல்லாருக்கும் அக்காவான மேரிக்குட்டி சேச்சி தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மோளே, கட்டில் துடைக்கிற லிஸ்ட் மாதிரி போட்ரு."

இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். எங்கள் வார்டில் கட்டில் கால்களைத் தினமும் மூன்று வேளை துடைத்ததாக ஒரு பட்டியல் உண்டு. துடைக்கிற வேலை தினமும் நடக்கும், எழுதுவது மட்டும் மாதக் கடைசியில் ஒரே மூச்சில் நடக்கும். எழுதுவது நான். பகல் கட்டங்களுக்கு நீலப் பேனா, இரவுக் கட்டங்களுக்குச் சிவப்புப் பேனா. பார்த்தால் முப்பது நாளும் ஆளாளுக்கு நின்று எழுதியது போலவே இருக்கும். ஆனால் நோயாளியின் சூட்டையோ நாடியையோ அளக்காமல் ஒரு நாளும் எழுதியதில்லை. அந்த விஷயத்தில் என்மேல் யாராவது விரலை நீட்டினால் விரல் மிஞ்சாது.

வார்டில் ஒரே ஆண் நர்ஸான ஷின்டோ எனக்கு யோசனை சொன்னான்.

"லவ்லி சேச்சி, எல்லாத்துக்கும் 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' போடுங்க. அதுக்குத்தான் அஞ்சு மார்க்கு. நம்ம ஜெஸ்னாவுக்கு மார்க்கு கொறையலாமா?"

கொறையலாமா? நான் உட்கார்ந்தேன். பதினாறு படிவம் நீலம், எட்டு படிவம் சிவப்பு. கேள்வியைப் படித்தால் வேகம் போய்விடும் என்பதால் படிக்கவில்லை. ஐம்பது நிமிடத்தில் முடிந்தது. கடைசியில் 'வேறு ஏதேனும் கூற விரும்பினால்' என்று இரண்டு கோடு விட்டிருந்தார்கள். கோடு காலியாக இருந்தால் என் கை சும்மா இருக்காது. அங்கேயும் என்னவோ எழுதினேன்.

மதியம் ஜெஸ்னா வந்து படிவக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "உங்களை விட்டா எனக்கு யாருடி இருக்கா?" என்று கண்ணைத் துடைத்தாள். எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை ஒன்றரை மணிக்கு வார்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு சோசம்மா மேடம் வந்தார். ஜெஸ்னாவின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி. எங்களுக்கும் ஒரு காலத்தில் உடற்கூறு நடத்தியவர், அவர் செருப்புச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் நான் எழுந்து நின்றுவிடுவேன். பின்னால் ஜெஸ்னா, மூக்கு சிவந்து வீங்கிப்போய்.

"மேரிக்குட்டி, உங்க ஆளுங்களோட மனநிலையைக் கொஞ்சம் படிக்கட்டா?" மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "மூணாம் கேள்வி. 'தினமும் காலையில் உற்சாகமாக வேலைக்கு வருகிறேன்.' இருபத்து நாலு பேரும் முழுமையா ஒப்புக்கறாங்க. நாலாம் கேள்வி. 'தினமும் காலையில் வேலையை விட்டு ஓடிவிடத் தோன்றுகிறது.' இருபத்து நாலு பேரும் முழுமையா ஒப்புக்கறாங்க."

ஷின்டோ மெதுவாக மருந்து அலமாரிக்குப் பின்னால் நகர்ந்தான்.

"'எங்கள் இன்சார்ஜ் எல்லாரையும் சமமாக நடத்துகிறார்.' முழுமையா. 'எங்கள் இன்சார்ஜ் வேண்டியவர்களுக்கு மட்டும் நல்ல டியூட்டி போடுகிறார்.' அதுவும் முழுமையா."

மேரிக்குட்டி சேச்சிக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "யாரு? யாரு அப்படிச் சொன்னது?"

"இருபத்து நாலு பேர்ல நீங்களும் ஒருத்தர்தானே?"

சேச்சி சுவரிலிருந்த டியூட்டி லிஸ்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"இதெல்லாம்கூடப் போகட்டும். கடைசில ஒரு குறிப்பு இருக்கு." மேடம் ஒரு படிவத்தைத் தூக்கிப் பிடித்தார். "'புதிய புகார் எதுவும் இல்லை. இரவு நன்றாகத் தூங்கினார். அடுத்த டியூட்டியிடம் ஒப்படைக்கப்பட்டார்.' இருபத்து நாலு பேருக்கும் இதேதான்! யாரு தூங்கினது? யாரை யாருகிட்ட ஒப்படைச்சீங்க?"

மூன்றாம் கட்டில் திரேசியம்மா களுக்கென்று சிரித்தார். எனக்குக் காது சுட்டது.

"மேடம், நான்தான் எழுதினேன். அத்தனையும் நானே. ஜெஸ்னாவுக்கு ஒண்ணும் தெரியாது."

ஜெஸ்னா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அவள் பார்த்த பார்வையைத் தாங்க முடியவில்லை.

"ஏன்?" என்றார் மேடம்.

"உக்கார நேரமில்ல, மேடம். வேற என்ன சொல்ல?"

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

"மணி ஒண்ணே முக்கால். அஞ்சுவரைக்கும் டைம் இருக்கு. எல்லாரும் உக்காந்து நிஜத்தை எழுதுங்க. வார்டை நான் பாத்துக்கறேன். ரெண்டு மணி ரவுண்டு என்னோடது."

"மேடம் தனியாவா?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் சூடு பாத்தவ, லவ்லி. தெர்மாமீட்டரை எடு."

ஷின்டோ ஹாஸ்டலுக்கு ஓடினான். பத்து நிமிடத்தில் டியூட்டி இல்லாதவர்களும் இரவு டியூட்டிக்காரர்களும் நைட்டியோடு, ஈரத் தலையில் துண்டோடு, ஒருத்தி தோசைக்கரண்டியோடு வந்து சேர்ந்தார்கள். நாற்காலி போதாமல் ஸ்ட்ரெச்சரில் வரிசையாக உட்கார்ந்தோம். டியூட்டி நேரத்தில் இப்படிச் சேர்ந்தாற்போல் நாங்கள் உட்கார்ந்ததே இல்லை. தொங்கவிட்ட கால் தானாகவே ஊஞ்சலாட ஆரம்பித்தது.

மேரிக்குட்டி சேச்சி, நாங்கள் பார்த்துவிடாதபடி இடது கையால் தாளை மறைத்துக்கொண்டு எழுதினார். ஷின்டோ ஒவ்வொரு கேள்விக்கும் "அப்பாடா, இதை ஒருத்தர் கேட்டாங்களே!" என்று முனகினான். வார்டுப் பக்கமிருந்து குரல்கள் வந்துகொண்டே இருந்தன.

"சிஸ்டரே, குளுக்கோஸ் நின்னுபோச்சு!"

"சிஸ்டரே, என் பல் செட்டு எங்கே?"

"சிஸ்டரே, ஃபேன் ரொம்பக் காத்து. கொறைங்க."

"சிஸ்டரே, ஃபேன் காத்தே இல்ல. கூட்டுங்க."

நடுவே திரேசியம்மாவின் குரல். "மோளே, புதுசா சேர்ந்திருக்கியா? கை நடுங்குதே! பயப்படாதே, போகப் போகப் பழகிடும்." பேராசிரியர் மேடத்துக்கு ஐம்பத்தேழு வயது.

நான் என் படிவத்தில் கடைசிப் பகுதிக்கு வந்தேன். 'மாணவியாக இருந்தபோது உங்கள் தேர்ச்சிக்கு உதவியது எது?' குடும்பம், ஆசிரியர்கள், நூலகம், தன்னம்பிக்கை, மற்றவை. நேற்று எல்லாவற்றிலும் குறி போட்டிருந்தேன். இன்றைக்குப் பேனா நகர மாட்டேன் என்றது. நான் முதல் வருடம் உடற்கூறில் தோற்றேன். துணியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன், வீட்டுக்குப் போய் ஆடு மேய்க்கிறேன் என்று. 'மற்றவை' என்பதில் குறி போட்டு, பக்கத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்.

நாலே காலுக்கு இருபத்து நான்கும் தயார். மேடம் நெற்றி வியர்வையோடு வந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இது நிஜம். இதை எடுத்துக்கறேன்." ஜெஸ்னாவின் தோள் தளர்ந்தது. "ஆனா பழைய படிவங்களை மறைக்க முடியாது. அதையும் ஒரு லெட்டரையும் சேத்துக் காலேஜ் ஆராய்ச்சிக் கமிட்டிக்கு அனுப்பணும். போலியா நிரப்பினது போலிதான். அவங்க ரெண்டு மாசத்துல முடிவு சொல்லுவாங்க."

இரண்டு மாதம் என்றால் டியூட்டர் வேலை போனதுதான். ஜெஸ்னா ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட இல்லை.

எனக்குத்தான் கை சும்மா இருக்காதே! மேஜையில் இருந்த ரவுண்டு அட்டையை எடுத்தேன். மேடத்தின் அழகான கையெழுத்தில், கட்டில் ஒன்று: சூடு 98.4, நாடி 76. இரண்டு: 99, 80. மூன்று, திரேசியம்மா: 98.2, 84. நான்கு: 98.4, 72. ஐந்து: 98.4, 72. ஆறு: 98.4, 72. கீழே பதினெட்டுவரை அதேதான்.

"மேடம், ஏழாம் கட்டிலுக்கு நாடி எழுவத்தி ரெண்டா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"காலைல பதினோரு மணிக்கே டிஸ்சார்ஜ் ஆயிட்டாங்க. இந்நேரம் வீட்ல கஞ்சி குடிச்சுக்கிட்டிருப்பாங்க. இருந்தாலும் நாடி நல்லா இருக்கறது சந்தோஷந்தான்."

மேடம் எட்டிப் பார்த்தார். ஏழாம் கட்டிலில் விரிப்புகூட இல்லை. அவர் முகம் மெல்லச் சிவந்தது, கழுத்துவரை.

"கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க, லவ்லி," என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "மூணு பேருக்கு ஒழுங்காப் பாத்தேன். அப்புறம் அந்த அம்மாவோட பல் செட்டைத் தேடினேன். அப்புறம்…"

"அப்புறம் கை தானா எழுதிடுச்சு."

"ம்."

பழைய படிவக் கட்டை எடுத்தார், எழுந்தார், நேராகக் குப்பை வாளிக்குப் போனார்.

"மேடம்! மஞ்சள் வாளி வேணாம், அது கட்டுத்துணிக்கு!" மேரிக்குட்டி சேச்சி பதறினார். "காகிதம் கறுப்புல!"

மேடம் கறுப்பில் போட்டார். லெட்டரைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை. ஜெஸ்னா புதிய கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் மேடத்தின் கையில் தெர்மாமீட்டரைக் கொடுத்தேன். பதினேழு பேருக்கும் முதலிலிருந்து பார்த்தோம், மேடம் சூடு, நான் நாடி. பன்னிரண்டாம் கட்டிலுக்கு நூற்றியொன்று இருந்தது. மேடம் அட்டையில் இருந்த 98.4-ஐ அடித்துவிட்டுத் தன் கையாலேயே 101 என்று எழுதினார்.

இப்போது ஜெஸ்னா நர்சிங் ஸ்கூலில் டியூட்டர். ஆராய்ச்சி புத்தகமாகக் கட்டிவந்ததும் எனக்கு ஒரு பிரதி கொடுத்து, ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். 'தேர்ச்சிக்கு உதவிய காரணங்கள்': குடும்பம் இத்தனை சதவீதம், ஆசிரியர்கள் இத்தனை, தன்னம்பிக்கை இத்தனை. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு சிறிய வரி. 'மற்றவை: நான்கு சதவீதம். ஒருவர் மட்டும், மறுபரீட்சைக்கு முந்தின நாள் தன் இடது கையில் எலும்புகளைப் பேனாவால் வரைந்து தோழி சொல்லிக்கொடுத்ததாகக் குறிப்பிட்டுள்ளார்.'

"பெயர் போட வேணாம்னு சொன்னேன்ல?" என்றாள் ஜெஸ்னா. "யாருன்னே தெரியல."

"எனக்கும்தான் தெரியல," என்றேன்.

அவள் மேஜையிலிருந்த பேனாவை எடுத்து, என் இடது கையைப் பிடித்து இழுத்தாள்.