நாற்பது டிகிரித் தீர்மானம்

குடியிருப்புச் சங்கத் தலைவர் ஒரு கண்டுபிடிப்பாளரும்கூட. அப்படி அவரே சொல்லிக்கொள்வார். மொட்டைமாடியிலிருக்கும் சோலார் வெந்நீர்த் தொட்டியில், வெயில் போதாத நாளில் கைகொடுக்கும் மின்சார ஹீட்டரை அறுபது டிகிரியிலிருந்து நாற்பதுக்கு இறக்கியதுதான் அந்தக் கண்டுபிடிப்பு. 'கொதிக்க வைப்பானேன், பிறகு பச்சைத்தண்ணீர் கலப்பானேன்?' என்று லிஃப்டில் அறிவிப்பு ஒட்டி, பாதித் தாளுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

பத்து நாளாக ஒரே மூட்டம். நிமோனியாவில் படுத்துத் தேறிய மாமனார் அன்று மாலை மருத்துவமனையிலிருந்து நேராகத் தலைவர் வீட்டுக்கு வருகிறார். வந்ததும் ஷவரில் ஆசைதீரக் குளிக்க வேண்டும் என்பது அவர் உத்தரவு. ஷவர் அடைத்திருந்ததால் பிளம்பர் வேலை பார்க்கும் அம்மா ஒருவரை அழைத்திருந்தார்கள். அவர் தண்ணீரில் கைவைத்துப் பார்த்தார்; மாடிக்குப் போய்விட்டு வந்தார்.

"யாரு சார் நாப்பதுல வச்சது?"

"நான்தான்!" தலைவர் பாராட்டுக்குத் தயாரானார்.

"நல்லா வளத்திருக்கீங்க."

"எதை?"

"கிருமிய. இந்த இளஞ்சூடுன்னா அதுக்குக் கொண்டாட்டம். ஷவர்ல புகையாட்டம் சாரல் பறக்குதுல்ல, அதோட நெஞ்சுக்குள்ள போய் உக்காந்துக்கும்."

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கேம்மா!"

"கிருமி என்ன சார், பேனர் பிடிச்சுக்கிட்டா வரும்?"

மனைவி சமையலறையிலிருந்து வந்துவிட்டாள். "எங்கப்பாவுக்கு இப்பதான் மூச்சு திரும்பியிருக்கு. உங்க கண்டுபிடிப்ப அவர்மேலயா சோதிக்கணும்?"

"சங்கத் தீர்மானம்மா. கமிட்டி கூடாம மாத்த முடியாது."

"கமிட்டில யாரெல்லாம்?"

"நானும் செயலாளரும். அவர் வெளியூர் போயிருக்கார்."

"அப்ப நீங்க கூடுங்க."

தலைவர் கூடினார். மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஹீட்டர் அறுபதுக்கு ஏறியது.

"கை வெந்துடாதா?" என்று கடைசியாக ஒரு முறை முனகிப் பார்த்தார்.

"பாத்ரூம் பக்கத்துல கலக்குற வால்வு இருக்கு சார். கலக்குறது அதோட வேலை. தொட்டி முழுக்கக் காயட்டும். நாளைக்கு நானே வந்து எல்லா வீட்டுக் குழாயிலயும் சுடுதண்ணிய ஓடவிடுறேன். அதுவரைக்கும் ஷவர் யாரும் தொடக் கூடாது."

மாமனார் வந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே குளியலறைக்கு நடந்தார். தலைவர் கதவை மறித்தார்.

"இன்னைக்கு ஷவர் வேண்டாம் மாமா. அடுப்புல காச்சின தண்ணில உடம்பத் துடைச்சுக்கலாம்."

"ஏன்?"

செயலாளர்மேல் பழியைப் போடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் தப்பா வச்சுட்டேன் மாமா."

மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னொரு தடவை சொல்லுங்க மாப்பிள்ளை. மூச்சு நல்லா வருது."