பயிற்சிக்கு உட்கார்ந்த அம்மா

பக்கத்து வீட்டுப் பெண் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி படிக்கிறாள். அடுத்தவர் கவலையைக் காது கொடுத்துக் கேட்பதற்கு ஒரு பட்டம்! நான் இத்தனை வருஷமாக அதைச் சும்மாவே செய்துகொண்டிருக்கிறேன். எங்கள் இரண்டு சமையலறைக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். காதைப் பொத்திக்கொண்டா சமைக்க முடியும்?

நேற்று அவள் தன் அம்மாவை உட்காரவைத்துப் பயிற்சி எடுத்தாள். "நீ உதவி கேட்டு வந்தவ, நான் யாரோ. ஏதாவது ஒரு கஷ்டம் சொல்லும்மா."

"எனக்கென்னடி கஷ்டம்? அடுப்புல வேலை கிடக்கு."

"சும்மா கற்பனையா சொல்லு. இல்லன்னா என் மார்க் போச்சு."

அம்மா பாத்திரத்தை அடுப்பிலிருந்து டங்கென்று இறக்கினாள். நான் குழாயை மூடினேன்.

"எம் பையன் பைக்ல அடிபட்டு செத்துட்டான்ங்க. அதுக்கப்புறம் வீட்டுல யாரும் அவன் பேச்சையே எடுக்கிறதில்ல. நான் அழுதா இவங்க தாங்கமாட்டாங்கன்னு நானும் வாயத் தொறக்கிறதில்ல."

போன வருஷம் அந்த வீட்டுப் பையன் போனது தெருவுக்கே தெரியும். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அம்மா..."

"எந்திரிக்காத, அங்கேயே உக்காரு. யாரோ மாதிரியே கேளு. மக முன்னாடி என்னால சொல்ல முடியாது."

மகள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, கூடப்பிறந்தவனை முன்பின் பார்த்தே இராதவள் போலக் கேட்டாள்.

"உங்க பையன் எப்படிப்பட்டவருங்க?"

"ஐயோ, அவனா, சரியான வாலு" என்றாள் அம்மா. அதற்கு மேல் அழுகைதான் கேட்டது.