‘மீட்டல்’ காண்க

எழுதிப் பழக்கமில்லாத கை. பிழை கண்டால் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். நூலின் கடைசியில் சொற்களுக்குப் பக்க எண் காட்டும் சொல்லடைவைப் பற்றியும் ஒரு கதையா என்று முகம் சுளிப்பார்களோ என்ற அச்சத்தோடுதான் தொடங்குகிறேன்.

விதை ஆய்வகங்களுக்கான மென்பொருள் ஒன்றின் கையேட்டுக்குச் சொல்லடைவு தயாரித்தவள் அக்காள். அதே மென்பொருளில் முளைப்புக் கணக்குகளைப் பதிந்து, ஆய்வுப் பட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் மாரடித்தவள் தங்கை.

அக்காளை அரித்தெடுத்தது ஒரே கேள்வி: பதறுகிறவர் எந்தச் சொல்லைத் தேடுவார்? அழிந்த பதிவுகளைத் திரும்பக் கொணரும் வழியை முதலில் ‘மீட்டல்’ என்பதன்கீழ் வைத்தாள். ‘திரும்பப் பெறுதல்’ என்று தேடுவோரையும் அங்கேயே அனுப்பினாள். மறுநாள் மனம் மாறிற்று. வாய்ப்பேச்சில் ‘மீட்டல்’ என்று யார் சொல்கிறார்கள்? அங்கிருந்த பக்க எண்ணை அடித்துவிட்டு, ‘திரும்பப் பெறுதல் காண்க’ என்று எழுதினாள். அடித்த எண்ணை அந்தச் சொல்லின்கீழ் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பதிப்பாளர் தலையை நீட்டினார்.

“அம்மா தாயே, சொல்லடைவை எவன்மா படிக்கிறான்? அச்சகத்துக்காரன் என் உயிரை வாங்குறான்!”

“இன்னும் ஒரே ஒரு தடவை சரிபார்த்துடறேன் சார்.”

“நீங்க பார்த்து முடிக்கிறதுக்குள்ள மென்பொருளுக்கே நரை விழுந்துடும். குடுங்கம்மா.”

கொடுத்துவிட்டாள்.

கையேடு வெளிவந்து, தங்கையின் மேசைக்கும் ஒன்று போயிற்று. ஒரு முற்பகலில் அக்காளின் தொலைபேசி அலறியது.

“அக்கா, பழைய பதிவு ஒண்ணை நீக்கப் போய் எல்லாத்தையும் அழிச்சுத் தொலைச்சுட்டேன்.”

“பதறாதேடி. கையேட்டுல ‘மீட்டல்’னு பாரு.”

“பார்த்தேன். ‘திரும்பப் பெறுதல்’ பாருங்குது. அங்க போனா ‘மீட்டல்’ பாருங்குது. என்னை வச்சுப் பம்பரம் விடறியா?”

அக்காள் தன் பிரதியைப் புரட்டிப் பக்கத்தைப் பிடித்தாள்.

“கிடைச்சுடுச்சு. கணினியை மட்டும் நிறுத்திடாதே. நிறுத்தினா ஒரேயடியாப் போயிடும்.”



“ஒண்ணும் பிடிபடலைன்னு... நிறுத்திப் போட்டுப் பார்த்தேன்க்கா.”

“வேற எங்கயாவது நகல் வச்சிருப்பியே?”

“எல்லாம் அதுக்குள்ளயே பத்திரமா இருக்கும்னு நீதானே சொன்னே?”

மென்பொருள் நிறுவனத்தார் கையை விரித்தனர். பதிப்பாளரோ, “அடுத்த பதிப்புல திருத்திக்கலாம்மா” என்றார். அக்காள் தங்கையின் வீட்டுக்கு ஓடினாள். கதவைப் பாதி திறந்தவர் தங்கையின் கணவர்.

“அவ தூங்குறா அண்ணி.”

உள்ளே நாற்காலி நகரும் ஓசை கேட்டது. அவர் தலை குனிந்துகொண்டார். அக்காள் திரும்பி நடந்தாள்.

போனவை இவ்வளவே: ஆறாண்டு முளைப்புப் பதிவுகள், தங்கையின் பட்டம், அதை நம்பி அவளுக்காகக் காத்திருந்த வேலை, அக்காள் தங்கைப் பேச்சு.