மினுங்காத திருகாணி

1.
ஒத்துக்கொண்டுவிடுகிறேன்: இது களியக்காவிளையில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் ஒட்டுக்கேட்ட கதை. என் கடைவாய்ப் பல்லுக்காகக் காத்திருந்தேன். உள்ளே, அடுத்த வீட்டு மத்தியாஸ் அண்ணன் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

முதல் தொடக்கம்: பூங்கனியின் முன்பல் போன அன்று மழை [மழை இல்லை, சுள்ளென்ற வெயில். விட்டுவிடுகிறேன்.]

இரண்டாவது: மத்தியாஸ் அண்ணன் ஸ்கூட்டரைப் பள்ளத்தில் விட்டார். பின்னால் இருந்த அவர் மனைவி பூங்கனி அக்காவுக்கு முன்பல் போனது. சர்ச் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றவர், அன்றிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்கிறார்.

2.
தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியம் திருகாணியின் மாதிரி ஒன்றை டாக்டர் ஜெனிலா காட்டினார். அண்ணன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது பழசாக்கும். மினுக்கமே இல்ல. நான் சார்ஜாவுல இருவது வருசம் ஸ்டீல் பைப்புக்கு பாலிஷ் போட்டவன். பத்து நிமிசம் தாருங்க, கண்ணாடி மாதிரி ஆக்கித் தாறேன்."

"ஐயோ அண்ணா, வேணும்னே சொரசொரப்பாக்கி வச்சிருக்கு. மணலப் பீச்சியடிச்சு, ஆசிட்டுல முக்கி எடுக்கது. அந்தச் சின்னச் சின்னக் குழியிலதான் எலும்பு வளந்து பிடிக்கும். வழவழன்னு இருந்தா ஒழுங்காப் பிடிக்காது."

அண்ணன் திருகாணியை மெல்ல மேசையில் வைத்தார். பாவம், பிழைப்பு முழுக்கச் சொரசொரப்பை ஒழித்தவர். [இந்த இடத்தில் எழுத்தையும் சொரசொரப்பையும் பற்றி ஓர் ஒப்புமை வந்து கையைப் பிடித்து இழுக்கிறது. போ என்று சொல்லிவிட்டேன்.]

3.
அக்காவுக்கு அந்தத் திருகாணியைப் பதித்து மூன்று மாதம் ஆகிறது. வியாழக்கிழமை டாக்டர் தட்டிப் பார்ப்பார். எலும்பு பிடித்திருந்தால் மேலே பல் வைப்பார். ஆடினால் கழற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். இத்தனை நாளும் அண்ணன் அக்காவுக்கு மரச்சீனிக் கிழங்கை மசித்து, மீனில் முள்ளெடுத்து, [அழகாக முடிக்கத் தெரியவில்லை. எனக்கு அவரைப் பிடிக்கும், அவ்வளவுதான்.]

4.
இதுவரை எழுதியதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஸ்கூட்டர எடுத்திரு மக்கா. குளிமுறியில வழுக்கி விழுந்தேன்னு எழுது."

"நடந்தது அதில்லையே அக்கா?"

"நடந்தது அவருக்குத் தெரியும். பிறவு அச்சுல எதுக்கு?"

எடுத்துவிட்டேன்.*

"இன்னொண்ணு. வியாழக்கெழம ஆடிச்சுன்னாலும், பிடிச்சிற்றுன்னே எழுது. அவரு நல்லா ஒறங்கி மூணு மாசமாச்சு. ஒரு எடத்துலயாவது பிடிச்சிருக்கட்டும்."

* உங்கள் பிரதியில் ஸ்கூட்டர் இன்னும் இருந்தால் பார்க்காததுபோல் போய்விடுங்கள். அண்ணனுக்குக் கொடுக்கும் பிரதியில் குளியலறைதான்.

5.
திருகாணி எலும்பில் பிடித்துவிட்டது. அக்கா வாயைப் பொத்தாமல் சிரித்தார். அண்ணன் வீட்டுக்குப் போய் விடியும்வரை தூங்கினார்.

[இதை எழுதுவது செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.]